டிசம்பரில் விழிக்கும் குறுந்தகடு

1996 டிசம்பரில் சேகா நிறுவனம் 'கிறிஸ்துமஸ் நைட்ஸ்' என்ற சின்ன கேம் ஒன்றை வெளியிட்டது. ஒரே ஓர் உலகம், அதன் முடிவில் ஒரு பாஸ் சண்டை. கை பழகியவருக்கு ஒரு சுற்றை முடிக்க அதிக நேரம் ஆகாது. மே மாதத்திலோ ஆகஸ்டிலோ போட்டால் சாதாரண டெமோ சிடியாகத்தான் தெரியும்: பச்சைப் புல்வெளி, மரங்கள், பறந்து நுழைய வளையங்கள். அதே சிடியை டிசம்பரில் போட்டால் புல்வெளி முழுக்கப் பனி கொட்டிக் கிடக்கும். வளையங்கள் இருந்த இடத்தில் கிறிஸ்துமஸ் மலர்வளையங்கள் தொங்கும். பின்னணியில் 'ஜிங்கிள் பெல்ஸ்' ஒலிக்கும். இதற்காக எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, எந்த மெனுவுக்குள்ளும் போக வேண்டியதில்லை. கன்சோலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, இது எந்த மாதம் என்று சிடியே தெரிந்துகொள்கிறது.

பண்டிகையை ஒட்டி வந்த வீடியோ கேம்கள் பலவற்றை ஆடியிருக்கிறேன். எது மிகவும் பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரு கேமுக்குள் பண்டிகை எப்படி வர வேண்டும் என்பதை இந்தச் சின்ன சிடி முழுசாகப் புரிந்துவைத்திருந்தது. பிறகு வந்த பெரிய தொடர்கள் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன. அது பிறந்த கதையையும், கை மாறிப் போய்ச் சேர்ந்த இடங்களையும் வரிசையாகப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

தாய் கேமின் பெயர் 'நைட்ஸ் இன்டு ட்ரீம்ஸ்'. 1996 ஜூலை 5 அன்று ஜப்பானில் சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்தது. செய்தவர்கள் சோனிக் டீம். 1991இல் சோனிக் என்ற நீல முள்ளெலியை உலகத்துக்குக் கொடுத்த புரோகிராமர் யூஜி நாகாவும், சோனிக்கின் உருவத்தை வரைந்த நாவோதோ ஓஷிமாவும் அதில் இருந்தார்கள். 'சோனிக் 3' காலத்தில் சேர்ந்த இளம் வடிவமைப்பாளர் தகாஷி ஈசுகாவும் கூட இருந்தார். சாட்டர்ன் வைத்திருந்த எல்லாரும் இவர்களிடமிருந்து அடுத்த சோனிக்கை எதிர்பார்த்தார்கள். இவர்களோ கனவைப் பற்றிய ஒரு கேமில் இறங்கினார்கள். ஃப்ராய்டும் யுங்கும் கனவுகளைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம் படித்தார்கள். ஒரு புதிய நாயகரை, புதிய உலகத்தை, ஓடுவதற்குப் பதில் பறப்பதை யோசித்தார்கள்.

கதை எளிமையானது. ட்வின் சீட்ஸ் என்ற நகரத்தில் எலியட், கிளாரிஸ் என்று இரண்டு பிள்ளைகள். எலியட்டுக்குக் கூடைப்பந்து உயிர், கிளாரிஸுக்குப் பாட்டு. இருவரும் ஆளுக்கொரு அவமானத்தைச் சுமந்துகொண்டு தூங்கப் போகிறார்கள். கனவில் நைட்டோபியா என்ற உலகம் விரிகிறது. அங்கே நைட்ஸ் என்ற உருவம் காத்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று யாரும் சொல்வதில்லை. கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு, காற்றிலே நீந்துகிற ஒரு பிறவி. பிள்ளை அதனோடு சேர்ந்து ஒன்றானதும் பறத்தல் தொடங்குகிறது.

அந்தப் பறத்தலை எழுத்தில் சொல்வது கடினம். உலகம் முப்பரிமாணமாக விரிந்து கிடக்கும். நைட்ஸ் பறப்பதோ கண்ணுக்குத் தெரியாத ஒரு தடத்தின் மேல். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று தடத்தை ஒட்டித்தான் போக முடியும். கட்டுப்பாடு போலத் தோன்றும் இதுதான் சுகத்தின் ரகசியம். எங்கே போவது என்ற கவலை இல்லாததால், எவ்வளவு அழகாகப் போவது என்பதில் மனம் முழுசாக இறங்கிவிடும். வளையங்களுக்குள் விடாமல் நுழைந்து போனால் புள்ளிகள் கோத்துக்கொண்டு பெருகும். பறந்தபடியே ஒரு சுழி போட்டு முடித்தால், சுழிக்குள் சிக்கியதெல்லாம் கைக்கு வரும். கட்டைவிரலால் இப்படி வட்டம் வட்டமாகச் சுழற்றத்தான் சேகா அனலாக் குச்சி வைத்த வட்டமான கண்ட்ரோலர் ஒன்றை இந்த கேமோடு கொண்டுவந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நைட்டோபியாவில் சின்னஞ்சிறு உயிர்கள் குடியிருக்கும். அவற்றுக்கென்று மனநிலை உண்டு. நாம் அவற்றை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த மனநிலை மாறும். அது மாறினால் அந்த உலகத்தின் இசையும் மாறும். யாரும் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய ஒரு விஷயத்துக்கு இவ்வளவு உழைப்பைக் கொட்டிய குழு அது. கிறிஸ்துமஸ் சிடியின் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை.

தாய் கேம் கடைக்கு வந்த அந்தக் கோடையிலேயே கிறிஸ்துமஸ் சிடிக்கான வேலை தொடங்கி, சில மாதங்களில் முடிந்தது. சுருக்கமாகச் செய்திருக்கலாம். ஒரு லெவலில் வெள்ளை நிறம் பூசி, மணியோசை சேர்த்து, வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு கதையையே எழுதினார்கள். எலியட்டும் கிளாரிஸும் பண்டிகைக் காலத்தில் ட்வின் சீட்ஸில் சுற்றுகிறார்கள். ஊரே மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. நகரத்துக் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தைக் காணோம். அதைத் தேடிக் கனவுக்குள் போகிறார்கள். பழைய நண்பரான நைட்ஸைச் சந்திக்கிறார்கள். கில்விங் என்ற பறக்கும் பூதத்தின் இருப்பிடத்திலிருந்து நட்சத்திரத்தை மீட்கிறார்கள்.

இது நடக்கும் இடம் தாய் கேமில் கிளாரிஸுக்கு உரிய 'ஸ்பிரிங் வேலி'. ஆடியவர்களுக்கெல்லாம் மனப்பாடமான இடம் என்பதால், அதன் மேல் பண்டிகை வந்து அமரும்போது ஒவ்வொரு மாற்றமும் கண்ணில் படும். பொருள்கள் வைத்த பெட்டிகள் ரிப்பன் கட்டிய பரிசுப் பொதிகளாகியிருக்கும். பச்சை இருந்த இடங்களில் பனியும் மிட்டாய்களும். நாம் மோதி உடைக்க வேண்டிய கூண்டுகள் கிறிஸ்துமஸ் மரங்களாக நிற்கும். நைட்டோபியாவின் சின்ன உயிர்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவின் உதவியாளர்களைப் போல உடுத்தியிருக்கும். தாய் கேமின் தலைப்புப் பாடல் வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரல்களில் வரும். தெரிந்த தெருவில் பண்டிகை நாளன்று நடக்கும்போது கிடைக்கிற மகிழ்ச்சி இது. புது ஊரில் அது கிடைக்காது. அதனால்தான் பண்டிகை கேம்கள் பெரும்பாலும் நமக்குப் பிடித்த தொடர்களை ஒட்டியே பிறக்கின்றன என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத உலகத்தில் பனி பெய்தால் அது வெறும் பனி. ஸ்பிரிங் வேலியில் பெய்தால், அது நமக்காகப் பெய்த பனி.

இனி கடிகாரம். சாட்டர்னுக்குள் தேதியும் நேரமும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை பெரும்பாலான கேம்களுக்கு அது தேவைப்படவே இல்லை. இந்த சிடி அதை மூச்சுக்கு மூச்சு பார்க்கிறது. டிசம்பர் மாதம் என்றால் கிறிஸ்துமஸ். டிசம்பரை ஒட்டிய குளிர்காலம் என்றால் அலங்காரம் எதுவும் இருக்காது. ஆனால் ஸ்பிரிங் வேலியின் வானிலை மணிக்கு மணி மாறும். புத்தாண்டு நாளுக்கென்று தனி மாற்றங்கள் உண்டு. ஏப்ரல் 1 அன்று போட்டால் நைட்ஸைக் காணோம். அதன் இடத்தில் கதையின் எதிரியான ரியாலா வந்து நிற்கும், அதை வைத்துத்தான் பறக்க வேண்டும். மற்ற நாள்களில் எதுவும் நடக்காது. அந்த 'எதுவும் நடக்காத' மாதங்களும் வடிவமைப்பில் ஒரு பகுதிதான். ஆண்டு முழுக்கச் சாதாரணமாக இருந்தால்தான் டிசம்பர் டிசம்பராக இருக்கும்.

பறந்து முடித்தவர்களுக்குப் பரிசுகளும் காத்திருந்தன. கேமின் இசையைத் தனியாகக் கேட்கலாம், கலைத்துப் பார்க்கலாம். தலைப்புப் பாடலைக் கரோக்கேயாகப் பாடலாம். அந்தச் சின்ன உயிர்களின் மனநிலை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பரிசு: 'சோனிக் இன்டு ட்ரீம்ஸ்'. சோனிக்கை வைத்தே ஸ்பிரிங் வேலியில் ஆடலாம். அவருக்குப் பறக்கத் தெரியாது, தரையில்தான் ஓடுவார். முடிவில் ஊதிய பலூன் போலிருக்கும் தன் எதிரி டாக்டர் ரோபாட்னிக்கோடு மோதுவார். அந்தச் சண்டையில் 'சோனிக் சிடி' கேமின் ஜப்பானியப் பதிப்பில் கடைசிச் சண்டைக்கு வந்த இசை, சற்றே மாறி ஒலிக்கும்.

இது ஏன் பெரிய விஷயம் என்று இன்று ஆடுபவருக்குத் தோன்றலாம். 1996 கிறிஸ்துமஸ் சேகாவுக்கு எவ்வளவு கடினமான கிறிஸ்துமஸ் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ 64 வந்துவிட்டது. கூடவே 'சூப்பர் மரியோ 64' வந்து, முப்பரிமாணத்தில் ஓடுவதும் தாவுவதும் எப்படி என்று காட்டிவிட்டது. பிளேஸ்டேஷனில் 'கிராஷ் பாண்டிகூட்' வந்துவிட்டது. சேகாவுக்கும் ஒரு முப்பரிமாண சோனிக் வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 'சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்' குழு 'சோனிக் எக்ஸ்ட்ரீம்' என்ற கேமை அந்தக் கிறிஸ்துமஸை மனத்தில் வைத்துத்தான் செய்துகொண்டிருந்தது. அது முடியாமலே கைவிடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப, மெகா டிரைவ் கன்சோலுக்காகச் செய்த 'சோனிக் 3டி' சாட்டர்னுக்கு மாற்றப்பட்டு வந்தது. அப்படிப்பட்ட ஒரு பண்டிகைக் காலத்தில், சேகாவின் நாயகன் ஒரு டெமோ சிடிக்குள், பரிசுப் பொதிகளில் ஒன்றாக, முப்பரிமாணப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார். தனியாக விற்றிருந்தாலும் ரசிகர்கள் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள். சோனிக் டீம் அதைப் பரிசாகவே வைத்தது. எனக்கு இந்தக் குழுவின் மேல் இருக்கும் அன்புக்கு இந்த ஒரு காரியமே போதும்.

சிடி மக்கள் கைக்குப் போன வழிகளும் பரிசு போகும் வழிகளே. ஜப்பானில் கிறிஸ்துமஸை ஒட்டி விற்ற சாட்டர்ன் பெட்டிக்குள் வந்தது. பிற நாடுகளில் 'டேடோனா யுஎஸ்ஏ: சாம்பியன்ஷிப் சர்க்யூட் எடிஷன்' போன்ற கேம்களை வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பத்திரிகையோடும் போனது. பிரிட்டனில் 'சேகா சாட்டர்ன் மேகஸின்' வாசகர்களுக்கு அது ஓராண்டு கழித்து, 1997 டிசம்பரில்தான் கிடைத்தது. தீபாவளி மலரோடு வரும் இலவச இணைப்பை முதலில் யார் எடுப்பது என்று வீட்டில் சண்டை போட்டவர்களுக்கு, அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கியவர்களின் மனம் புரியும். அதற்குள் சாட்டர்னின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் நடுவிலேயே, சாட்டர்ன் தங்கள் எதிர்காலம் இல்லை என்று அமெரிக்கச் சேகாவின் உயர் அதிகாரி பெர்னி ஸ்டோலர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் பிரிட்டிஷ் வீடுகளில் அந்த டிசம்பரில் பனி பெய்தது. கடிகாரத்துக்குச் சந்தை நிலவரம் தெரியாது.

நான் சாட்டர்ன் வாங்கியது வெகு காலம் கழித்து, பழைய பொருளாகத்தான். பழைய சாட்டர்னை வாங்குபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கன்சோலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு பட்டன் செல், சிஆர்2032, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக, ஒரு கவ்விக்குள் செருகியிருக்கும். வீட்டுத் தராசிலும் கம்ப்யூட்டர் மதர்போர்டிலும் இருக்கிற அதே செல். தேதியையும் நேரத்தையும் ஓட்டுவது அது. கன்சோலுக்குள் இருக்கும் 32 கிலோபைட் நினைவகத்தில் நாம் சேமித்த ஆட்டங்களைக் காப்பதும் அதுவே. செல் செத்துப்போனால் இரண்டும் போய்விடும். பிறகு ஒவ்வொரு முறை போடும்போதும், எந்த மொழி, என்ன தேதி, மணி என்ன என்று கன்சோல் புதிதாகப் பிறந்தது போலக் கேட்கும்.

நகத்தால் பழைய செல்லை நெம்பி எடுத்து, பிளஸ் குறி தெரியும்படி புதியதைச் செருகி, மூடியைப் போட்டேன். திரையில் தேதி கேட்டது. அப்போது டிசம்பர் இல்லை. அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் எந்த மாதத்தையும் வைக்கலாம். உலகெங்கும் சாட்டர்ன் ரசிகர்கள் இப்படித் தேதியைத் தள்ளி வைத்து, ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸையும் நவம்பரில் ஏப்ரல் 1ஐயும் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன். பனி பெய்தது, பாட்டு வந்தது, எல்லாம் அழகாகவே இருந்தது. பிறகு தேதியைச் சரியாக வைத்துவிட்டு மாதங்களைப் போக விட்டேன். உண்மையான டிசம்பரில் ஒரு மாலை, சும்மா பறக்கலாம் என்று போட்டபோது ஸ்பிரிங் வேலி வெள்ளையாகத் திறந்தது. நாமாக வரவழைத்ததற்கும் அதுவாக வந்ததற்கும் இருக்கும் வித்தியாசத்தை எந்த விளக்கமும் இல்லாமல் அன்று தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் அந்த சிடி இடம் கொடுக்கிறது என்பதுதான் அதன் பெருந்தன்மை. சாவி ஆடுபவர் கையில். காத்திருக்க விரும்புபவர் காத்திருக்கலாம். இன்றே வேண்டும் என்பவருக்கு இன்றே.

பண்டிகை கேம்களில் இது முதலாவது இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் இருந்த டிஎம்ஏ டிசைன் 1991இலேயே 'எக்ஸ்மஸ் லெம்மிங்ஸ்' என்ற சின்ன டெமோவை இலவசமாக வெளியிட்டது. பச்சை முடி வைத்த அந்தக் குட்டி லெம்மிங்குகள் கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் பனியில் நடந்தன. மக்களுக்கு அது பிடித்துப்போக, 1993லும் 1994லும் 'ஹாலிடே லெம்மிங்ஸ்' விலைக்கே வந்தது. அன்பான தொடருக்குப் பண்டிகை உடை போட்டு, இலவசமாகக் கையில் கொடுக்கிற வழக்கம் அப்போதே உண்டு. கடிகாரத்தைச் சேர்த்ததுதான் சோனிக் டீமின் பங்கு. லெம்மிங்குகள் எந்த மாதத்திலும் சிவப்பு உடையில்தான் இருக்கும். நைட்ஸ் சிடி மட்டும் நாம் வாழும் நாளோடு சேர்ந்து வாழ்ந்தது.

சோனிக் டீமே அடுத்த அடியையும் எடுத்து வைத்தது. 1998 டிசம்பரில் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் 'சோனிக் அட்வென்ச்சர்' வந்தது. ரசிகர்கள் காத்திருந்த முழு முப்பரிமாண சோனிக் அதுதான். அதிலுள்ள கேசினோவில் நைட்ஸ் படம் போட்ட ஒரு பின்பால் மேசையையும் வைத்து, பழைய உறவை மறக்காமல் காட்டினார்கள். ட்ரீம்காஸ்டுக்குள் மோடம் இருந்தது. தொலைபேசி இணைப்பு வழியாகச் சேகாவின் சர்வரிலிருந்து ஒரு சின்னக் கோப்பை இறக்கிக்கொண்டால், 'ஸ்டேஷன் ஸ்கொயர்' என்ற நகரத்தில் கிறிஸ்துமஸ் மரங்கள் முளைக்கும். அன்றைக்கு அது பெரிய அதிசயம். ஆனால் பண்டிகை இருக்கும் இடம் இங்கேதான் மாறியது. 1996இல் அது வட்டுக்குள் இருந்தது. 1998இல் சர்வருக்குப் போய்விட்டது. சேகா 2001 ஜனவரியில் கன்சோல் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. பிறகு ட்ரீம்காஸ்ட் சர்வர்களும் நின்றுபோயின. அந்தக் கோப்புகளை ரசிகர்கள் சேர்த்து வைத்துக் காப்பாற்றியதால்தான் இன்றும் அந்த மரங்களைப் பார்க்க முடிகிறது.

கடிகாரத்தின் வழியில் போனவர்களும் உண்டு. நின்டெண்டோவின் 'அனிமல் கிராஸிங்' தொடர் 2001 ஏப்ரலில் ஜப்பானில் நின்டெண்டோ 64க்கு வந்தபோது, கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை வைத்து வந்தது. வெளியே மணி எட்டு என்றால் உள்ளேயும் எட்டு. வெளியே குளிர்காலம் என்றால் உள்ளேயும் பனி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜிங்கிள் என்ற கலைமான் ஊருக்குள் வந்து பரிசு கொடுக்கும் வழக்கம் அந்தத் தொடரில் வேரூன்றியது. கிறிஸ்துமஸ் நைட்ஸின் உண்மையான வாரிசு என்று நான் நினைப்பது இந்தத் தொடரைத்தான். ஆனால் 2020இல் வந்த 'நியூ ஹொரைஸன்ஸ்' பதிப்பில் பண்டிகைகள் பல முதலிலிருந்தே கேமுக்குள் இல்லை. ஒவ்வொன்றும் இணையம் வழியாக அப்டேட்டாக வந்து சேர்ந்தது. தேதியை டிசம்பருக்குத் தள்ளி வைத்தாலும் அப்டேட் வராதவரை பண்டிகை வரவில்லை. சாவி மெல்ல நிறுவனத்தின் கைக்குத் திரும்பியது.

ஆன்லைன் கேம்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004 நவம்பரில் தொடங்கியது முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் 'விண்டர் வெயில்' விழாவைக் கொண்டாடுகிறது. அயர்ன்ஃபோர்ஜ் நகரத்தில் மரத்தின் அடியில் பரிசுகளைப் பிரிக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் கூடுவார்கள். எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்வது பண்டிகையின் உயிர். அதைத் தனி ஒருவருக்கான சிடி தர முடியாது. அதுவும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் திரும்பி வருகிறது, ஆகவே அதை மதிக்கிறேன். எனக்கு மனம் ஒப்பாதது வேறொரு வகை. இரண்டு வாரத்துக்கு மட்டும் ஒரு பனி வரைபடம், இப்போது வாங்கினால்தான் உண்டு என்று ஒரு சிவப்பு உடை, கீழே ஓடும் கவுண்டவுன். பண்டிகை முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு ஒன்று வரும். ஆடுபவருக்கு அது தரும் உணர்வு பதற்றம்தான். பண்டிகைக்காகக் காத்திருப்பது இன்பம். எதையோ தவறவிட்டுவிடுவோமோ என்று ஓடுவது வேலை. கிறிஸ்துமஸ் நைட்ஸில் ஒரு டிசம்பரைத் தவறவிட்டால் என்ன? அடுத்த டிசம்பர் இருக்கிறது.

சிடியின் பிற்கால வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பரில் தகாஷி ஈசுகாவின் தலைமையில் 'நைட்ஸ்: ஜர்னி ஆஃப் ட்ரீம்ஸ்' வீ கன்சோலுக்கு வந்தது. 2008இல் பழைய கேம் பிளேஸ்டேஷன் 2க்கு ஜப்பானில் மட்டும் மறுபதிப்பானது. 2012இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கம்ப்யூட்டர் மூன்றுக்கும் உயர்தரத் திரைக்கு ஏற்ற பதிப்பு வந்தது. அதில் கிறிஸ்துமஸ் நைட்ஸும் சேர்ந்தே வந்தது. கேமை ஒரு முறை முடித்தால் திறக்கும். சாட்டர்ன் கிடைக்காத ஒரு தலைமுறைக்கு அந்தப் பனியைக் காட்டியது பெரிய உதவி. ஆனால் சோனிக் ஓடிய பகுதி அதில் இல்லை. பரிசுப் பொதிகளில் மிகப் பெரியதை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்தது போலாயிற்று.

டிஜிட்டல் கடைகளில் வாங்கியவற்றின் ஆயுள் எவ்வளவு என்ற கேள்வியும் இப்போது எழுந்திருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சேகா 'கிரேஸி டாக்ஸி', 'ஜெட் செட் ரேடியோ' உள்ளிட்ட தன் பழைய கேம்கள் பலவற்றை இணையக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. 1996இல் இலவசமாகப் போன அந்த வட்டோ இன்றும் பழைய பொருள் சந்தையில் கை மாறுகிறது. செல் மாற்றிய சாட்டர்னில் போட்டால் அப்படியே ஓடுகிறது. கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து ஆடுபவர்களுக்கும் அதே அனுபவம் கிடைக்கிறது. எமுலேட்டர் கம்ப்யூட்டரின் தேதியை எடுத்துக் கொடுக்கும், சிடி அதைச் சாட்டர்னின் கடிகாரம் என்று நம்பிப் பனியைப் பெய்ய வைக்கும். செய்தவர்கள் கனவிலும் நினைத்திராத இயந்திரங்களில், அவர்கள் வைத்த நாள்காட்டி பிசகாமல் வேலை செய்கிறது.

அதனால்தான் இந்த சிடி பண்டிகையைப் புரிந்துகொண்டது என்கிறேன். அழைக்காமல் வருகிறது, விலை கேட்காமல் கொடுக்கிறது, போன பிறகு மீண்டும் வருகிறது. பிடித்த தொடர்களை நடத்துபவர்களிடம் ரசிகர்கள் கேட்க வேண்டியவையும் இவைதான். விழாக்களைச் சர்வரில் மட்டும் வைக்காமல் கேமுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். சர்வரை மூடும் நாள் வந்தால், மூடுவதற்கு முன் அதுவரை நடத்திய பண்டிகைகளையெல்லாம் ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்றைய கன்சோல்களின் இடவசதிக்கு அது ஒரு பாரமே இல்லை. தேதி தெரியாத கன்சோலும் இன்று கிடையாது.

சேகாவிடம் தனியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. 2026 டிசம்பரோடு கிறிஸ்துமஸ் நைட்ஸுக்கு 30 வயது. அதை முழுசாக மறுபடி வெளியிடுங்கள்: சோனிக் ஓடும் ஸ்பிரிங் வேலியோடு, ரியாலா வரும் ஏப்ரல் 1ஓடு, மணிக்கு மணி மாறும் குளிர்கால வானிலையோடு. கடிகாரத்தை ஆடுபவர் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன்பு அப்படித்தான் கொடுத்தீர்கள். அப்படிக் கொடுத்ததால்தான் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு டிசம்பரிலும் உங்களை நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கிறோம்.